புதிய நிறுவனத்தின் முதல் மின்காரை வாங்கலாமா? முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2025 ஆகஸ்ட்டில் தூத்துக்குடி சிப்காட் வளாகத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தன் தொழிற்சாலையைத் திறந்தது. அடுத்த மாதமே விஎஃப் 6, விஎஃப் 7 என்னும் இரண்டு மின்கார்களை இந்தியாவில் விற்பனைக்கு அறிவித்தது. 16.49 லட்சம் ரூபாயில் தொடங்கிய அறிமுக எக்ஸ்-ஷோரூம் விலை, 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர் வரையிலான வாரண்டி, 2028 ஜூலை வரை நிறுவனம் சார்ந்த நிலையங்களில் இலவச சார்ஜிங் ஆகிய மூன்றும் சேர்ந்து, அதுவரை டாடா, மஹிந்திரா, எம்.ஜி. ஆகிய பெயர்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்த பலரையும் யோசிக்க வைத்தன. முதன்முறையாக மின்கார் வாங்குபவர், அதுவும் ஊரில் யாரும் ஓட்டிப் பார்த்திராத ஒரு பெயரில் வாங்குபவர், எதை எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். வின்ஃபாஸ்ட்டை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், நாளை வரப்போகும் வேறு எந்தப் புதிய பெயருக்கும் இந்த முறை பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய நிறுவனத்தின் முதல் மின்காரை வாங்குவது தவறில்லை. ஆனால் அந்த நிறுவனம் நாளை கடையைச் சாத்திவிட்டாலும் நம்மால் தாக்குப்பிடிக்க முடியும் என்ற கணக்கு தெளிவாக இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கணக்கைப் போடுவதற்கானவைதான்.

எந்த வகையில் புதிது?

புதிய நிறுவனம் என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. 2024 மார்ச்சில் எஸ்.யு.7 காரை வெளியிட்ட ஷாவ்மி, அதற்கு முன் ஒரு காரைக்கூடத் தயாரித்ததில்லை. ஆனால் கைப்பேசி விற்பனையால் பணபலம் மிக்க நிறுவனம். அமெரிக்காவின் ஃபிஸ்கர் நிறுவனத்துக்கு ஓஷன் என்ற முதல் காரைத் தவிர விற்பதற்கு வேறொன்றும் இருக்கவில்லை. வின்ஃபாஸ்ட்டோ 2017-இல் தொடங்கி, 2019 முதல் பி.எம்.டபிள்யூ. தொழில்நுட்பத்தின் அடிப்படையில் பெட்ரோல் கார்களை விற்று, 2021 இறுதியில் விஎஃப் இ34 என்ற தன் முதல் மின்காரைக் கொடுத்து, அடுத்த ஆண்டே பெட்ரோல் கார்களை நிறுத்திவிட்டது. அதாவது நிறுவனத்துக்கு மின்கார் பழக்கமான ஒன்று. இந்தியாவுக்குத்தான் நிறுவனம் புதிது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், முதல் மாடலில் வடிவமைப்புக் கோளாறுகள் வெளிப்படும். புதிய சந்தையில் சர்வீஸ், உதிரிப்பாகம், உள்ளூர் வெயில், மழைநீர் தேங்கும் சாலை ஆகியவற்றால் வரும் கோளாறுகள் வெளிப்படும். இரண்டும் சேர்ந்தும் வரலாம். வின்ஃபாஸ்ட் அமெரிக்காவுக்குப் போனபோது நடந்தது இதற்கு நல்ல சான்று. 2022 இறுதியில் 999 விஎஃப் 8 கார்கள் கப்பலில் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தன. மென்பொருளைத் திருத்த வேண்டியிருந்ததால் வாடிக்கையாளர் கைக்கு அவை 2023 மார்ச்சில்தான் வரத் தொடங்கின. மே மாதத்தில், வேகத்தைக் காட்டும் நடுத்திரை ஓட்டத்திலேயே அணைந்துபோகலாம் என்ற காரணத்தால் அந்த 999 கார்களும் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அதே நிறுவனத்தின் விஎஃப் 6, விஎஃப் 7 இரண்டும் 2025-இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றன என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நிறுவனங்கள் கற்றுக்கொள்கின்றன, நாம் கேட்க வேண்டியது, அந்தப் பாடத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைத்தான்.

நிறுவனம் போய்விட்டால்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. ஃபோர்டு நிறுவனம் 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, அடுத்த ஆண்டு மறைமலை நகர் ஆலையில் கார் தயாரிப்பை முடித்துக்கொண்டது. இருந்தாலும் இக்கோஸ்போர்ட்டும் ஃபிகோவும் இன்றும் சாலையில் ஓடுகின்றன. சர்வீஸும் உதிரிப்பாகமும் தொடரும் என்று நிறுவனம் உறுதியளித்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், பெட்ரோல், டீசல் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் எல்லா ஊர்களிலும் இருப்பதும், கிளட்ச், பிரேக் போன்றவற்றை உதிரிப்பாகக் கடையில் வாங்கிவிட முடிவதும்.

ஃபிஸ்கர் ஓஷன் வாங்கியவர்களின் நிலை வேறாக இருந்தது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரில் மக்னா நிறுவனம் அந்தக் காரைத் தயாரித்துக் கொடுத்தது. கார் பார்க்க அழகாகவும் இருந்தது. 2024 ஜூனில் ஃபிஸ்கர் திவால் பாதுகாப்புக்கு விண்ணப்பித்தது. விற்காமல் கிடந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை நியூயார்க்கில் வாடகைக் கார் தொழில் செய்யும் ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்க முன்வந்தபோது, அந்தக் கார்களின் தகவல்களை ஃபிஸ்கரின் சர்வரிலிருந்து வேறொரு சர்வருக்கு மாற்றுவதில் பெரும் சிக்கல் இருப்பது தெரியவந்தது. திரும்ப அழைத்த கார்களைச் சரிசெய்யும் கூலியை உரிமையாளர்களே கொடுக்க வேண்டும் என்று நிறுவனம் முதலில் சொல்லி, எதிர்ப்புக்குப் பிறகு மாற்றிக்கொண்டது. கடைசியில் உரிமையாளர்களே சங்கம் அமைத்து, உதிரிப்பாகத்துக்கும் மென்பொருளுக்கும் வழி தேட வேண்டியதாயிற்று.

ஆகவே, உங்கள் பகுதியில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துள்ள வேறு சர்வீஸ் அமைப்புகள் எவை என்று முதலில் கேட்டறியுங்கள். வின்ஃபாஸ்ட் தன் டீலர்களுக்கு அப்பால், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மைடிவிஎஸ் போன்ற சர்வீஸ் அமைப்புகளோடும் ஒப்பந்தம் செய்துகொண்டது. இது வாங்குபவருக்குச் சாதகமான செய்தி. ஏனெனில் கார் நிறுவனம் தள்ளாடினாலும் அந்தப் பட்டறையும் அதில் பயிற்சி பெற்றவர்களும் ஊரில் இருப்பார்கள். ஆனால் அந்த ஒப்பந்தம் டயர், பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளோடு நிற்கிறதா, பேட்டரியைத் திறந்து பார்க்கவும் கோளாறைக் கணினியில் கண்டறியவும் அனுமதி உண்டா என்று குறிப்பாகக் கேட்க வேண்டும்.

அடுத்து நிறுவனத்தின் பணநிலை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் காலாண்டு அறிக்கை பொதுவெளியில் கிடைக்கும். வின்ஃபாஸ்ட் 2023 ஆகஸ்ட்டிலிருந்து அமெரிக்காவின் நாஸ்டாக்கில் இருக்கிறது. அறிக்கை முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. கையிருப்புப் பணம், காலாண்டு நட்டம், பணம் கொடுத்துத் தாங்குபவர் யார் என்ற மூன்றைப் பார்த்தால் போதும். வின்ஃபாஸ்ட் தொடங்கிய நாளிலிருந்து நட்டத்தில்தான் ஓடுகிறது. தாய் நிறுவனமான வின்குழுமமும் அதன் நிறுவனர் ஃபாம் நியாட் வுவொங்கும் தொடர்ந்து பணம் போட்டுத் தாங்குகிறார்கள். 2023-இல் அது விற்ற கார்களில் பெரும்பகுதியை வாங்கியது அதே நிறுவனருக்குச் சொந்தமான டாக்சி நிறுவனம்தான். இவற்றைக் கெட்ட செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆழமான பை உள்ள ஒருவர் பின்னால் நிற்பது பல புதிய நிறுவனங்களுக்கு வாய்க்காத பலம். ஆனால் அந்த ஒருவரின் மனம் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் அதற்குள்ளேயே இருக்கிறது. தூத்துக்குடியில் தொழிற்சாலையே இருக்கிறதே என்று சொல்பவர்களிடம், மறைமலை நகரிலும் தொழிற்சாலை இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

சர்வீஸ் சென்டருக்கு ஒரு முறை போய் வாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற நேரம் இருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஷோரூம் அல்ல, சர்வீஸ் சென்டர். இரண்டும் ஒரே வளாகத்தில் இருந்தாலும் பின்பக்கம் போய்ப் பாருங்கள். வேலை நாளில் காலை பத்து மணி வாக்கில் போனால், வண்டியை விட வந்தவர்களும் எடுக்க வந்தவர்களும் அங்கே இருப்பார்கள்.

முதலில் முற்றத்தில் நிற்கும் கார்களைக் கவனியுங்கள். கழுவித் துடைத்துச் சாவி கொடுக்கத் தயாராக நிற்பவை ஒரு வகை. முன்கண்ணாடியில் தூசி படிந்து, வைப்பருக்கடியில் வேப்பிலையோ காகிதமோ சிக்கி, டயரில் காற்று இறங்கி மூலையில் நிற்பவை இன்னொரு வகை. இரண்டாம் வகைக் கார்கள் பெரும்பாலும் உதிரிப்பாகத்துக்காகக் காத்திருப்பவை. ஒன்றிரண்டு நிற்பது எந்த நிறுவனத்திலும் நடக்கும். விற்பனை தொடங்கிச் சில மாதமே ஆன நிறுவனத்தில் அப்படி ஒரு வரிசையே நின்றால், வேறெந்தக் கேள்வியும் கேட்காமல் திரும்பி வந்துவிடலாம்.

பிறகு சர்வீஸ் அட்வைசரிடம் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். முன்பம்பர், முன்கண்ணாடி, முகப்பு விளக்கு ஆகிய மூன்றின் விலை என்ன, அவை இப்போது கையிருப்பில் உள்ளனவா, இல்லாவிட்டால் எங்கிருந்து வரவேண்டும் என்பது முதல் கேள்வி. நகரத்தில் ஓடும் காரில் முதலில் அடிபடுபவை இவைதான். உயர் அழுத்த மின்சாரத்தில் வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்கள் இங்கே எத்தனை பேர், அவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார் என்பது இரண்டாவது. பேட்டரியைக் கீழே இறக்கும் லிஃப்ட் இங்கேயே உண்டா, அல்லது வேறு ஊருக்கு அனுப்புவார்களா என்பது மூன்றாவது. வழியில் நின்றுபோனால் கார் முழுவதையும் மேலேற்றிச் செல்லும் வண்டியை அனுப்புவார்களா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பது நான்காவது. பல மின்கார்களைச் சக்கரம் தரையில் உருள இழுத்துச் செல்லக் கூடாது என்பதால், கடைசிக் கேள்வியைச் சிறிதாக நினைக்க வேண்டாம். விடை தெரியாத அட்வைசர் தெரியாது என்று சொல்லி, மேலாளரிடம் கேட்டுச் சொன்னால் அது நல்ல அறிகுறி. எல்லாவற்றுக்கும் 'அதெல்லாம் பிரச்சினையே இல்லை சார்' என்று பதில் வந்தால் கவனமாக இருங்கள்.

வளாகத்தில் காத்திருக்கும் உரிமையாளர் ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேச முடிந்தால் அது விளம்பரம் முழுவதையும்விட மதிப்புள்ளது. கார் எப்படி என்று கேட்காதீர்கள். தன் பணம் போட்ட காரைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. எத்தனையாவது முறையாக வந்திருக்கிறீர்கள், போன முறை வண்டி எத்தனை நாள் இங்கே இருந்தது என்று கேளுங்கள்.

நம் மாநிலத்திலேயே வேரூன்றிய ஒரு முன்னுதாரணத்தை இங்கே சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இருவர் 2013-இல் தொடங்கிய ஏதர் நிறுவனம், 2018-இல் தன் முதல் ஸ்கூட்டரைப் பெங்களூரில் மட்டும் விற்றது. அடுத்த ஆண்டுதான் சென்னைக்கு வந்தது. விற்கும் ஊர்களில் சார்ஜிங்கும் சர்வீஸும் முதலில் என்பது அதன் முறையாக இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் ஆலை அமைத்த ஓலா எலக்ட்ரிக் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் நேரடியாக விற்கத் தொடங்கியது. ஓராண்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு வந்ததாகக் கூறி, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் அதற்கு விளக்க நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலான புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. விற்பனை வேகமும் சர்வீஸ் வேகமும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கின்றனவா என்பதை விற்பனைப் புள்ளிவிவரம் காட்டாது. அதனால்தான் முற்றத்துக்குப் போகச் சொல்கிறேன்.

ஓட்டிப் பார்க்கும்போது

டெஸ்ட் டிரைவில் பெரும்பாலோர் வேகத்தைப் பார்க்கிறார்கள். மின்கார் எதுவாக இருந்தாலும் வேகமாகத்தான் கிளம்பும். அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. மோசமான சாலை ஒன்றில் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்; கதவு, டேஷ்போர்டு, பின்கதவு எங்கேனும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு வெயிலில் நின்ற காரில் ஏசியைப் போட்டு, எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்று பாருங்கள். நேர்வெயில் படும்போது நடுத்திரையின் எழுத்துகள் தெரிகின்றனவா என்பதும் முக்கியம், ஏனெனில் புதிய நிறுவனங்களின் கார்களில் ஏசிக் காற்றின் திசையிலிருந்து பக்கக் கண்ணாடி வரை பலவும் அந்தத் திரைக்குள்தான் இருக்கின்றன.

அதன் பிறகு செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அடித்தளப் பார்க்கிங் போன்ற சிக்னல் இல்லாத இடத்தில் காரை நிறுத்தி, உங்கள் கைப்பேசியையும் இணையமில்லாத நிலைக்கு மாற்றுங்கள். இப்போது காரைப் பூட்டித் திறக்க முடிகிறதா, கிளப்ப முடிகிறதா, ஏசி வேலை செய்கிறதா, சார்ஜ் மூடியைத் திறக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். சாவி அல்லது அட்டையால் இவை அனைத்தும் நடந்தால், நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனாலும் கார் காராகவே இருக்கும். செயலி இல்லாமல் நடக்காத வேலைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்; அவை எல்லாம் நிறுவனம் உயிரோடு இருக்கும்வரைதான்.

மின்கார் பழகாதவர்களுக்குத் தெரியாத இன்னொன்று, அதற்குள்ளும் பழைய பாணி 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது என்பது. பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்சுகளை இயக்குவது அந்தச் சின்ன பேட்டரிதான். நிறுத்தி வைத்திருக்கும்போதும் மென்பொருள் சரியாக உறங்காமல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்தால் 12 வோல்ட் இறங்கிவிடும். பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தும் கதவுகூடத் திறக்காது. முதல் மாடல்களில் அடிக்கடி கேள்விப்படும் கோளாறு இது. கதவை மெக்கானிக்கல் சாவியால் திறக்க முடியுமா, 12 வோல்ட் பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் இடம் எங்கே என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

இத்தகைய கோளாறுகள் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். பதிவுகளைத் திரும்பத் திரும்ப எழுதியதில் 8 ஜிபி நினைவகச் சில்லு தேய்ந்து திரை செயலிழந்ததால், டெஸ்லா 2021-இல் ஏறக்குறைய 1,35,000 பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவின் இன்னொரு மின்வாகன நிறுவனமான ரிவியன் 2022 அக்டோபரில், ஸ்டீயரிங் அருகே ஒரு போல்ட் சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம் என்று, அதுவரை கொடுத்த வண்டிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் திரும்ப அழைத்தது. இரண்டு நிறுவனங்களும் பிழைத்திருந்ததால் அந்தக் கார்கள் இலவசமாகச் சரிசெய்யப்பட்டன. திரும்ப அழைப்பதே கெட்ட பெயர் என்று நினைப்பது சரியல்ல. கோளாறு தெரிந்தும் வாய் திறக்காத நிறுவனம்தான் ஆபத்து.

வாரண்டித் தாளை வாசிப்பது

பத்தாண்டு வாரண்டி என்று பலகையில் இருப்பது வேறு, தாளில் இருப்பது வேறு. வாரண்டிப் புத்தகத்தின் பிரதியை முன்பதிவுக்கு முன்பே கேட்டு வாங்கி வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்; கொடுக்க மறுத்தால் அதுவே ஒரு பதில். பேட்டரியின் கொள்ளளவு எந்த அளவுக்குக் குறைந்தால் மாற்றித் தருவார்கள் என்ற எண் அதில் இருக்க வேண்டும். பல நிறுவனங்கள் 70 சதவீதம் என்று வைத்திருக்கின்றன. அந்த அளவை யார், எந்தக் கருவியால் அளப்பார்கள் என்பதும் எழுதப்பட்டிருந்தால் நல்லது. மோட்டார், சார்ஜர், நடுத்திரை ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆண்டுக்கணக்கு இருக்கலாம். காரை விற்றால் வாரண்டி அடுத்தவருக்குப் போகுமா, வாடகைக்கு ஓட்டினால் குறையுமா, தேங்கிய நீரில் ஓட்டியதாகச் சொல்லி மறுக்க இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். சென்னையில் கார் வைத்திருப்பவருக்குக் கடைசி வரியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

நீண்ட வாரண்டி என்பது நிறுவனம் நமக்கு எழுதிக்கொடுக்கும் கடன்பத்திரம்தான். திவாலானால் நாம் வரிசையில் வங்கிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆகவே அறிமுகமில்லாத நிறுவனம் தரும் பத்தாண்டை, நிலைபெற்ற நிறுவனம் தரும் எட்டாண்டோடு அப்படியே ஒப்பிட வேண்டாம். 'குறித்த ஆண்டுகளுக்குப் பிறகு குறித்த விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்னும் உறுதிமொழிகளுக்கும் இதே விதி. கையெழுத்துப் போடுவது கார் நிறுவனமா, வேறொரு நிதி நிறுவனமா என்று பாருங்கள்.

ரேஞ்சும் சார்ஜிங்கும்

இது எல்லா மின்கார்களுக்கும் பொதுவானது என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். விஎஃப் 6-இல் 59.6 கிலோவாட்-மணி பேட்டரி இருக்கிறது. ஒருமுறை முழுதாகச் சார்ஜ் செய்தால் ஓடும் என்று சான்றளிக்கப்பட்ட தூரம் (ரேஞ்ச்) 468 கிலோமீட்டர் வரை. நெடுஞ்சாலையில் ஏசி போட்டு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் எந்தக் காராக இருந்தாலும் சான்றளித்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கை எதிர்பார்ப்பதே பாதுகாப்பு. அதிலும் 80 சதவீதத்திலிருந்து 10 சதவீதம் வரைதான் வசதியாகப் பயன்படுத்துவோம் என்றால், நடைமுறையில் 220 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்று கணக்கு வையுங்கள். சென்னையிலிருந்து திருச்சிக்கு விழுப்புரத்திலோ உளுந்தூர்பேட்டையிலோ ஒருமுறை நிற்க வேண்டியிருக்கும். காரில் சிசிஎஸ் 2 இணைப்பு இருந்தால் இந்தியாவின் பெரும்பாலான வேகச் சார்ஜர்கள் பொருந்தும்; அந்த வகையில் நிறுவனத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. இலவச சார்ஜிங் சலுகை மட்டும் நிறுவனத்தின் நிலையம் உங்கள் வழியில் இருந்தால்தான் பயன்தரும். வரைபடத்தில் இப்போது திறந்திருப்பவற்றை எண்ணுங்கள், வரப்போகிறவற்றை எண்ண வேண்டாம்.

வீட்டில் 16 ஆம்பியர் பிளக்கில் இந்த அளவு பேட்டரியை நிரப்ப முழு இரவு போதாது, பதினெட்டு மணி நேரம் வரை ஆகும், 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்தில் முடியும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் ஏறக்குறைய 160 முதல் 200 யூனிட் வரை கூடும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டும் வீட்டில் கீழ்ப்படிகளின் கட்டணமும் மாறிவிடுவதால், இ.பி. பில்லை முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்.

காப்பீடு, கடன், மறுவிற்பனை

முன்பதிவுக்கு முன்பே இரண்டு காப்பீட்டு நிறுவனங்களிடம் பிரீமியம் கேளுங்கள். காரின் பெயர் பட்டியலிலேயே இல்லை என்றாலோ, ஒன்று மற்றதைவிட மிக அதிகமாகச் சொன்னாலோ, உதிரிப்பாக விலையைப் பற்றி அவர்களுக்கே தெளிவில்லை என்று பொருள். தேய்மானக் கழிவில்லாத காப்பீடும், பேட்டரி, மோட்டாருக்கான கூடுதல் காப்பும், கார் முற்றிலும் அழிந்தால் விலைப்பட்டியல் தொகையைத் தரும் கூடுதல் காப்பும் புதிய நிறுவனத்தின் காருக்கு அவசியம் என்பது என் கருத்து. சாதாரணக் காப்பீட்டில் ஈட்டுமதிப்பு, அதாவது கார் முற்றிலும் அழிந்தால் கிடைக்கும் தொகை, ஆறு மாதத்துக்குப் பிறகு 15 சதவீதமும், ஓராண்டு முடிந்ததும் 20 சதவீதமும் கழியும். கடன் பாக்கி அந்த வேகத்தில் குறையாது.

ஏழாண்டுத் தவணைக்குக் கடன் வாங்கி இத்தகைய காரை வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கார் சர்வீஸ் சென்டரில் நின்றாலும், நிறுவனமே போய்விட்டாலும், ஐந்தாம் தேதி இ.எம்.ஐ. கழிந்துகொண்டுதான் இருக்கும். மறுவிற்பனை விலையை இப்போது யாராலும் சரியாகச் சொல்ல முடியாது என்பதால், மூன்றாண்டுக்குப் பிறகு பாதி விலை கிடைக்காது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கிலும் வாங்கலாம் என்று தோன்றினால் வாங்கலாம்.

யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் இருப்பவர், சொந்தமாகப் பார்க்கிங்கும் சார்ஜிங் வசதியும் உள்ளவர், சர்வீஸ் சென்டருக்கு அரை மணி நேரத்தில் போய்விடக் கூடியவர் ஆகியோருக்கு இந்தத் துணிச்சலுக்கான பலன் உண்டு. அறிமுக விலையும் சலுகைகளும் நிலைபெற்ற நிறுவனங்கள் தராதவை. ஒரே காரை நம்பி மருத்துவமனை, பள்ளி, சொந்த ஊர் என்று ஓடும் குடும்பமும், வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவரும், சர்வீஸுக்கு அடுத்த மாவட்டத்துக்குப் போக வேண்டியவரும் காத்திருப்பது நல்லது. விற்பனை தொடங்கிய பிறகு ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடந்துபோகும்வரை காத்திருந்தால், முதல் தொகுதியின் கோளாறுகளில் பலவும் வெளியே வந்திருக்கும்; தயாரிப்பிலும் சத்தமில்லாமல் திருத்தங்கள் நடந்திருக்கும்.

முன்பதிவும் டெலிவரியும்

முன்பணத்தைத் திரும்பப் பெறும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். விலை உயர்ந்தால் முன்பதிவு செய்தவருக்குப் பழைய விலைதானா என்றும் கேளுங்கள். ரிவியன் 2022 மார்ச்சில் ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களுக்கும் சேர்த்து விலையை உயர்த்தி, எதிர்ப்பு வலுத்ததும் இரண்டே நாளில் பின்வாங்கியது. தமிழ்நாட்டில் மின்வாகனத்துக்கான சாலைவரி விலக்கு காலக்கெடுவுடன் வருவதால், பதிவுசெய்யும் நாளில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உறுதிசெய்துகொண்டு ஆன்-ரோடு விலையைக் கணக்கிடுங்கள்.

கார் உங்கள் பெயரில் பதிவாவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பாருங்கள். பதிவான பிறகு வேறு கார் கேட்பது மிகக் கடினம். பகல் வெளிச்சத்தில் வண்ணப்பூச்சும் கதவு இடைவெளிகளும் சீராக உள்ளனவா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்த டயர். நான்கு டயர்களும் அருகருகே உள்ள வாரங்களைக் காட்ட வேண்டும். வீட்டு மின்சாரத்தில் நடக்கும் மெதுவான சார்ஜிங், வேகச் சார்ஜிங் இரண்டையும் உங்கள் கண்முன்னே ஐந்து நிமிடம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரையில் மென்பொருளின் பதிப்பு எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; புதுப்பித்தலுக்குப் பிறகு ரேஞ்சோ சார்ஜ் வேகமோ மாறினால் அந்தப் படம் பயன்படும். 'அடுத்த புதுப்பித்தலில் வந்துவிடும்' என்று சொல்லப்படும் வசதி எதுவாக இருந்தாலும், அது இல்லாத காராகவே எண்ணிப் பணம் கொடுங்கள்.

டெலிவரிக்குப் பிறகு ஒவ்வொரு முறை சர்வீஸுக்குப் போகும்போதும், ஐந்து நிமிட வேலையாக இருந்தாலும், ஜாப் கார்டு என்னும் வேலைப் பதிவுச் சீட்டு போட்டுப் பிரதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சொல்லிச் சரிசெய்த கோளாறு பதிவில் இருக்காது. ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவுசெய்யுங்கள். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். தயாரித்தவரோடு விற்ற டீலரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள், ஏனெனில் நோட்டீஸைப் பெற்றுக்கொள்ள ஊரில் ஒரு முகவரி வேண்டும்.